"16 இன்ச் செயின் கொடுங்கள்" என்று கேட்காதீர்கள்

மரம் அறுக்கும் செயின்சா பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளைப் பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன: பழைய செயின் தேய்ந்துவிட்டது, புதிது வாங்கினால் பொருந்தவில்லை. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடாமல் மாற்றுச் செயினை மட்டும் பார்த்துவிடலாம்.

கேள்வி: என் செயின்சாவில் 16 இன்ச் பார் இருக்கிறது. கடையில் 16 இன்ச் செயின் என்று கேட்டுத்தான் வாங்கினேன். மாட்டினால் கீழே தொங்குகிறது. டென்ஷன் ஸ்க்ரூவைக் கடைசிவரை திருகியும் இறுகவில்லை. செயின் போலியா?

பதில்: போலியாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. வேறொரு 16 இன்ச் பாருக்கான நல்ல செயினாகவே இருக்கலாம். 16 இன்ச் என்பது பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டின் அளவு, அதிலும் மெஷின் உடம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், மரத்துக்குள் இறங்கக்கூடிய பகுதியின் ஏறக்குறைய அளவு. உள்ளே கவருக்குள் எவ்வளவு பார் ஒளிந்திருக்கிறது, ஸ்பிராக்கெட் (செயினை இழுத்துச் சுழற்றும் பல் சக்கரம்) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதெல்லாம் மெஷினுக்கு மெஷின் மாறும், செயினோ அத்தனையையும் சுற்றி வர வேண்டும். சின்ன மெஷின்களில் அதிகம் வரும் 3/8 லோ புரொஃபைல் (உயரம் குறைந்த வகை) செயினை மட்டும் எடுத்துக்கொண்டாலே 16 இன்ச் பாருக்கு 55 லிங்க், 56 லிங்க், 57 லிங்க் என்று மூன்றும் விற்கிறார்கள். பிட்ச் மாறினால் அதே 16 இன்ச்சுக்கு 60, 66 என்றும் போகும்.

கடையில் சொல்ல வேண்டியவை மூன்று: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. பிட்ச் என்பது ரிவெட்டுக்கு ரிவெட் உள்ள சராசரித் தூரம். கேஜ் என்பது பாரின் காடிக்குள் இறங்கி ஓடும் தகட்டின் கனம். அந்தத் தகடுகள்தான் டிரைவ் லிங்க், செயினின் அடிப்பக்கம் துடுப்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே, அவை. பல்லை எண்ணக் கூடாது, ரிவெட்டையும் எண்ணக் கூடாது. செயினை மேஜையில் நீளவாக்கில் மடித்துப் போட்டு, ஒரு லிங்க்கில் சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டு, இரண்டிரண்டாக எண்ணுங்கள். குறி இல்லாமல் எண்ணினால் எங்கே ஆரம்பித்தோம் என்பது கண்டிப்பாக மறந்துபோகும்.

எண்ணக்கூடத் தேவையில்லாமலும் போகலாம். கவரைக் கழற்றி, பாரின் அடிப்பகுதியில், அதாவது போல்ட்டுக்குள் உட்காரும் பக்கத்தில், எண்ணெயையும் தூளையும் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். பெரும்பாலான பார்களில் இந்த மூன்றையும் அங்கேயே அடித்திருப்பார்கள். (மெஷினைத் தொடும் முன் ஸ்பார்க் பிளக்கின் மூடியைப் பிடுங்கிவிடுங்கள், பேட்டரி மெஷின் என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள், கையில் உறை போடுங்கள். நின்றுபோன செயினும் கையைக் கிழிக்கும்.)

உங்கள் செயினைத் தூக்கிப் போட வேண்டாம். ஒரு டிரைவ் லிங்க் கூடினால் 3/8 பிட்ச்சில் வளையத்தின் நீளம் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் கூடும், அதைச் சரிக்கட்ட பார் 9.5 மில்லிமீட்டர் முன்னால் நகர வேண்டும். ஒரு லிங்க் அதிகமென்றால் சில மெஷின்களில் எப்படியோ இறுகிவிடும், இரண்டு அதிகமானால் ஸ்க்ரூவுக்கு அவ்வளவு இடம் கிடையாது. பிட்ச்சும் கேஜும் சரியாக இருந்தால், ரிவெட் கழற்றும் கருவி வைத்திருக்கும் கடையில் அதிகமாக உள்ள லிங்க்கை எடுத்துவிட்டு மறுபடி ரிவெட் அடித்துத் தருவார்கள். பிட்ச்சோ கேஜோ மாறியிருந்தால் தலைகீழாக நின்றாலும் ஒன்றும் செய்ய முடியாது, மாற்றித்தான் வாங்க வேண்டும்.

கேள்வி: பாரில் இருந்த எழுத்தெல்லாம் தேய்ந்துவிட்டது. மெஷினோடு வந்த புத்தகமும் இல்லை. பழைய செயின் மட்டும் கையில் இருக்கிறது. அதை வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் டிரைவ் லிங்க்கின் பக்கவாட்டில் ஏதாவது எண் இருக்கிறதா என்று பாருங்கள், வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் தெரியும். ஓரிகன் கம்பெனியின் செயினில் 91 என்றிருந்தால் 3/8 லோ புரொஃபைல், .050 கேஜ் (பிட்ச்சும் கேஜும் இன்ச் கணக்கில்). 90 என்றால் அதே பிட்ச்சில் .043. 20, 21, 22 மூன்றும் .325 பிட்ச், கேஜ் மட்டும் முறையே .050, .058, .063. அதே வரிசையில் 72, 73, 75 ஆகியவை பெரிய 3/8, அதாவது சாதாரண 3/8. ஸ்டில் கம்பெனியின் செயினில் வேறு கணக்கு: டிரைவ் லிங்க்கில் உள்ள ஒற்றை எண் கனத்தைச் சொல்லும், 1 என்றால் 1.1 மில்லிமீட்டர், 3 என்றால் 1.3, 5 என்றால் 1.5, 6 என்றால் 1.6. பிட்ச்சுக்கான எண் பல்லின் முன்னால் இருக்கும் அந்தச் சின்னத் திமிலில் இருக்கும். அங்கே 2 என்றால் .325, 3 என்றால் 3/8, 4 என்றால் .404, 6 என்றால் சின்ன 3/8, அதாவது லோ புரொஃபைல். ஒரு கம்பெனியின் எண்ணை இன்னொரு கம்பெனியின் அட்டவணையில் தேடினால் குழப்பம்தான் மிஞ்சும், அதனால் முதலில் யாருடைய செயின் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எண்ணும் இல்லையென்றால் அளக்க வேண்டியதுதான். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து, இரண்டால் வகுத்தால் பிட்ச். வகுக்காமலே சொல்வதென்றால், 12.7 மில்லிமீட்டர் வந்தால் 1/4, 16.5 வந்தால் .325, 19 அல்லது அதற்குக் கொஞ்சம் குறைவாக வந்தால் 3/8, 20.5 வந்தால் .404. பக்கத்துப் பக்கத்து ரிவெட் இரண்டை மட்டும் அளக்காதீர்கள், டிரைவ் லிங்க்கில் உள்ள இடைவெளியும் மேலே பல்லில் உள்ள இடைவெளியும் ஒன்றாக இருக்காது, அதனால்தான் மூன்று ரிவெட் கணக்கே வந்தது. பழைய செயினில் ரிவெட் துளைகள் தேய்ந்து நீளம் கொஞ்சம் கூடியிருக்கும். மேலே சொன்ன எண்களில் எது கிட்டத்தில் இருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். சந்தேகமென்றால் ஸ்பிராக்கெட்டைப் பாருங்கள், வளைய வகை ஸ்பிராக்கெட் என்றால் அதன் மேலேயே .325-7 என்கிற மாதிரி பிட்ச்சும் பல் எண்ணிக்கையும் அடித்திருப்பார்கள்.

கேஜ் விஷயத்தில் ஸ்கேலை நம்பாதீர்கள். .058-க்கும் .063-க்கும் இருக்கும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் எட்டில் ஒரு பங்கு. வெர்னியர் வேண்டும், இல்லையென்றால் மைக்ரோமீட்டர். டிரைவ் லிங்க்கின் தேய்ந்த அடிநுனியில் வைக்காமல் ரிவெட்டுக்குக் கொஞ்சம் கீழே, தேயாத இடத்தில் வைத்து அளங்கள். வரும் அளவை 1.1, 1.3, 1.5, 1.6 ஆகியவற்றில் ஒன்றோடு சேர்த்துக்கொள்ளலாம்.

ஒன்று மட்டும் யோசியுங்கள்: பழைய செயினே சரியான செயினாக இருந்ததா? மெஷினைப் பழையதாக வாங்கியிருந்தால், முன்னால் வைத்திருந்தவர் கிடைத்ததை மாட்டி ஓட்டியிருக்கலாம். செயினில் வந்த அளவை பாரோடும் ஸ்பிராக்கெட்டோடும் ஒருமுறை ஒத்துப் பார்ப்பது நல்லது. பாரின் நுனியில் சக்கரம் இருந்தால் அதற்கும் பிட்ச் உண்டு, செயினின் லிங்க் அதன் பற்களுக்கு நடுவே துள்ளாமல் உட்கார வேண்டும்.

கேள்வி: 3/8 என்றால் 3/8 தானே? ஏன் லோ புரொஃபைல், சாதாரணம் என்று இரண்டு சொல்கிறார்கள்?

பதில்: அளந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று போலவே காட்டும், வம்பே அங்குதான். லோ புரொஃபைல் செயின் உயரம் குறைவு, உடம்பு மெலிவு, சின்ன மெஷின்களுக்கும் பேட்டரி, மின்சார மெஷின்களுக்கும் செய்தது. சாதாரண 3/8 கனமான மெஷின்களுக்கு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பல்லின் உயரத்திலேயே பளிச்சென்று தெரிந்துவிடும், தனியாகப் பார்த்தால் ஏமாந்துவிடலாம். ஒன்றின் ஸ்பிராக்கெட்டில் மற்றதைப் போடக் கூடாது, சில சமயம் ஏறிக்கூடப் போகும், ஆனால் சரியாகக் கடித்து ஓடாது, சீக்கிரமே ஸ்பிராக்கெட்டையும் தின்றுவிடும். கூர் தீட்டும் அரமும் வேறு: லோ புரொஃபைலுக்கு 4 மில்லிமீட்டர், பெரிய 3/8-க்கு 5.2 அல்லது 5.5, செயின் செய்த கம்பெனி சொல்வதைப் பொறுத்து. நடுவில் இருக்கும் .325-க்குப் பொதுவாக 4.8.

கேள்வி: என் பாரில் .058 என்று போட்டிருக்கிறது. கடையில் .050 செயின்தான் இருக்கிறது, உள்ளே நன்றாகவே போகிறது. ஓட்டலாமா?

பதில்: வேண்டாம். உள்ளே போகிறது என்பதுதான் பிரச்சினை. காடியில் சாய்ந்து சாய்ந்து ஓடும், அறுப்பு ஒரு பக்கம் வளைந்து போகும், செயின் கழன்று வரும் வாய்ப்பும் கூடும். மாற்றிப் போட்டால், அதாவது .050 பாரில் .058 செயின் என்றால், நுழையவே நுழையாது, அந்த வகையில் அது பரவாயில்லை.

கேள்வி: ஃபுல் சிசல், செமி சிசல் என்று இரண்டு வகை வைத்திருக்கிறார்கள். ஃபுல் சிசல் வேகமாக அறுக்கும் என்கிறார்கள். அதையே வாங்கிவிடலாமா? நான் அறுப்பது பெரும்பாலும் கீழே விழுந்து கிடக்கும் காய்ந்த மரங்கள்.

பதில்: நீங்கள் கடைசியாகச் சொன்ன வாக்கியத்திலேயே பதில் இருக்கிறது. செமி சிசல் வாங்குங்கள்.

பல்லை மேலிருந்து பார்க்காமல் முன்னாலிருந்து பாருங்கள். மேல்தகடும் பக்கத்தகடும் சேரும் மூலை கூர்மையாக, சதுரமாக இருந்தால் ஃபுல் சிசல், அந்த மூலை லேசாக வளைந்து உருண்டிருந்தால் செமி சிசல். அறுப்பில் பெரும்பங்கு வேலையை அந்த மூலைதான் செய்கிறது. கூர்மூலை பச்சை மரத்தில், சுத்தமான மரத்தில், வெண்ணெயாக இறங்கும். ஆனால் அந்த ஒரு புள்ளி மழுங்கினால் பல் முழுக்க மழுங்கின மாதிரிதான், மண் ஒட்டிய பட்டையோ மணல் ஏறிய கட்டையோ பட்டால் அதற்கு அதிக நேரம் ஆகாது. உருண்ட மூலையில் அந்தச் சுமை கொஞ்சம் பரவி விழுவதால் கூர் நிற்கும் நேரம் கூடும். புதிதாக மாட்டிய முதல் பத்து நிமிடத்தில் ஃபுல் சிசல் ஜெயிக்கும், சரி, ஆனால் நாள் முழுக்க அழுக்குக் கட்டை அறுப்பவருக்கு நடுநடுவே உட்கார்ந்து அரம் போடும் நேரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். தொழிலாகச் செய்பவர், நிற்கும் பச்சை மரம், நன்றாக அரம் பிடிக்கத் தெரிந்த கை, இப்படி இருந்தால் ஃபுல் சிசல் வாங்கட்டும். மற்ற எல்லோருக்கும் என் ஓட்டு செமி சிசலுக்குத்தான், கடைக்காரர் என்ன சொன்னாலும்.

இந்தப் பல்லின் வடிவத்துக்கே ஒரு கதை உண்டு. முன்பெல்லாம் செயினில் இருந்தவை கைரம்பத்தின் பற்கள் மாதிரியானவைதான், மரத்தைச் சுரண்டும், அடிக்கடி கூர் தீட்ட வேண்டும். 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழிலில் இருந்த ஜோசப் பியூஃபோர்டு காக்ஸ், ஒரு மரக்கட்டையில் வண்டுப் புழு ஒன்று இடமும் வலமுமாகத் தாடையை மாற்றி மாற்றி வைத்து மரத்தைச் செதுக்கிக்கொண்டே போவதைக் கவனித்தார். அதைப் பார்த்து இடப்பல், வலப்பல் என்று மாறி மாறி வரும் செயினைச் செய்து 1947-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நீங்கள் வாங்கும் செயினும் அடிப்படையில் அதுதான்.

கேள்வி: செயினின் நடுநடுவே கூடுதலாகத் திமில் மாதிரி ஒன்று இருக்கிறது. அது வேகத்தைக் குறைக்கிறது, அது இல்லாததை வாங்கு என்று என் அண்ணன் சொல்கிறார். நான் செயின்சாவுக்குப் புதியவள்.

பதில்: அண்ணன் சொல்வது முழுப் பொய்யில்லை, ஆனால் நீங்கள் அதுள்ளதையே வாங்குங்கள். பார் நுனியின் மேல்பாதி எதிலாவது மோதினால் மெஷின் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் உங்கள் முகத்தை நோக்கி எகிறும், கிக்பேக் என்பது அதுதான். அந்தத் திமில் நுனியைச் சுற்றி வரும்போது பல் ஒரேயடியாக ஆழமாகக் கடிக்காமல் தடுக்கிறது. நுனியை உள்ளே செலுத்தித் துளைக்கிற மாதிரி அறுக்கும்போதுதான் வேகக் குறைவு தெரியும், புதியவர்கள் அப்படி அறுக்கவே கூடாது. அது இருந்தால் கிக்பேக் வரவே வராது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். குறையும், அவ்வளவுதான். செயின் பிரேக் (செயினைச் சட்டென்று நிறுத்தும் தடை) வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

கேள்வி: புதுச் செயின் போட்டும் ஓட்டம் கரகரவென்று இருக்கிறது. ஒவ்வொரு புதுச் செயினும் முன்னதைவிடச் சீக்கிரம் தேய்கிற மாதிரி தெரிகிறது.

பதில்: ஸ்பிராக்கெட்டைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? பலருக்கு அப்படியொன்றை மாற்ற வேண்டும் என்பதே தெரியாது. செயின் உட்கார்ந்து ஓடும் இடத்தில் ஸ்பிராக்கெட்டில் பள்ளம் விழும், அந்தப் பள்ளம் அரை மில்லிமீட்டரைத் தாண்டினால் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த ஸ்பிராக்கெட்டில் புதுச் செயின் ஓடினால் பிட்ச் ஒத்துப்போகாமல் ஒவ்வொரு லிங்க்கும் இடித்து இடித்து ஏறும், அந்தக் கரகரப்பு அதுதான், செயினும் அதற்கேற்றபடி தேய்ந்துபோகும். இரண்டு மூன்று செயினுக்கு ஒரு ஸ்பிராக்கெட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்திலிருந்தே இரண்டு செயின் வாங்கி மாற்றி மாற்றிப் போட்டால் மூன்றும் சேர்ந்தே தேயும், அது இன்னும் நல்லது.

அப்படியே பாரையும் பாருங்கள். காடியின் இரு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா, விரல் நகத்தை ஓட்டிப் பார்த்தால் பிசிறு தட்டுகிறதா? பிசிறை அரத்தால் எடுத்துவிடலாம். ஒவ்வொரு முறை செயினைக் கழற்றும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டால் இரண்டு பக்கமும் சமமாகத் தேயும்.

கேள்வி: புதுச் செயினை நன்றாக இறுக்கி வைத்தேன், அறுக்கும்போது லூஸானது, மறுபடி இறுக்கினேன். மறுநாள் பார்த்தால் கையால் நகர்த்தவே முடியவில்லை.

பதில்: சூட்டில் இறுக்கியிருக்கிறீர்கள். ஓடும்போது செயின் சூடேறி நீளும், ஆறியதும் சுருங்கும். சூடாக இருக்கும்போது இறுக்கியதைத் தளர்த்தாமல் வைத்தால், சுருங்கும் செயின் பாரையும் கிராங்க் ஷாஃப்டையும் அதன் பேரிங்குகளையும் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்ததும் கொஞ்சம் தளர்த்திவிட்டு வையுங்கள். சரியான இறுக்கம் என்றால், பாரின் அடியில் தொங்காமல் ஒட்டி நிற்க வேண்டும், உறை போட்ட கையால் இழுத்தால் தாராளமாக ஓட வேண்டும். புதுச் செயின் முதல் சில அறுப்புகளில் கட்டாயம் தளரும், ரிவெட்டுகள் தங்கள் இடத்தில் படிகின்றன, குறை அல்ல. மாட்டியவுடன் மரத்தில் வைக்காமல், எண்ணெய் செயினுக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டு ஓரிரு நிமிடம் சும்மா ஓடவிட்டு, பிறகு ஆறவிட்டு இறுக்கத்தைச் சரிபாருங்கள். அப்புறம், பற்கள் பாரின் மேல்பக்கத்தில் நுனியை நோக்கிப் பார்த்திருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், திருப்பி மாட்டிவிட்டு "புதுச் செயின் அறுக்கவே மாட்டேன் என்கிறது" என்று எழுதியவர்களும் உண்டு.

கேள்வி: கட்டையை நீளவாக்கில் அறுத்துப் பலகை எடுக்க வேண்டும். இதே செயின் போதுமா?

பதில்: ஒன்றிரண்டு பலகைக்கு முக்கி முக்கி அறுக்கலாம். தொடர்ந்து செய்வதென்றால் ரிப்பிங் செயின் என்று கேளுங்கள். சாதாரணச் செயினில் பல்லின் மேல்தகட்டுக் கோணம் 25-லிருந்து 35 டிகிரிவரை இருக்கும், இதில் 10 டிகிரி, அதனால் பலகையின் முகம் வழவழப்பாக வரும். பிட்ச், கேஜ், எண்ணிக்கை மூன்றும் வழக்கம்போலவே பார்க்க வேண்டும். சின்ன மெஷினை இந்த வேலைக்கு வைத்தால் சூடேறி உட்கார்ந்துவிடும்.

கேள்வி: 14 இன்ச் பாரைக் கழற்றிவிட்டு 20 இன்ச் பாரும் செயினும் போட்டால் பெரிய மரம் அறுக்கலாமே?

பதில்: மெஷினின் புத்தகத்தில் அதிகபட்ச பார் நீளம் என்று ஒன்று இருக்கும், அதைத் தாண்டாதீர்கள். இழுக்க வலுவும் பத்தாது, நுனிவரை எண்ணெயும் போய்ச் சேராது. பாரும் எல்லா மெஷினுக்கும் பொது கிடையாது, போல்ட் இறங்கும் பள்ளத்தின் அகலமும் எண்ணெய்த் துளையின் இடமும் ஒத்துப்போக வேண்டும்.

கேள்வி: ஒற்றைக்கையில் பிடிக்கிற பேட்டரி செயின்சா வாங்கினேன், 6 இன்ச். அதற்கும் இத்தனை பார்க்க வேண்டுமா?

பதில்: பார்க்கத்தான் வேண்டும், அதிலும் 36 லிங்க்கும் உண்டு, 37 லிங்க்கும் உண்டு. பெரும்பாலும் 1/4 பிட்ச், .043 கேஜ். வாங்கும் முன் எண்ணிவிடுங்கள். அளவில் சின்னதென்று அலட்சியமாகப் பிடிக்காதீர்கள், மரத்தைப் பிடிக்கும் உங்கள் இன்னொரு கை செயினுக்கு மிகப் பக்கத்தில் இருக்கிறது.

கேள்வி: செயினில் பற்கள் இன்னும் பாதி இருக்கின்றன. ஆனால் ஓடும்போது ஓரிடத்தில் அறுந்துவிட்டது. ஒட்டுப் போட்டு ஓட்டலாமா, புதிது வாங்க வேண்டுமா?

பதில்: முதல் கேள்விக்கு லிங்க் எடுத்து ரிவெட் அடிக்கலாம் என்று சொன்னதால் இதற்கும் அப்படியே சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். அது புதுச் செயின். ஓட்டத்தில் தானாக அறுந்த செயினில் ஒரு லிங்க் மட்டும் பலவீனமாக இருந்து மற்றவை எல்லாம் திடமாக இருப்பது அபூர்வம். ரிவெட் துளைகளைச் சுற்றி லென்ஸ் வைத்துப் பாருங்கள், மயிரிழை விரிசல்கள் வேறு இடங்களிலும் தெரியலாம், தெரியாமலும் இருக்கலாம். அறுந்த துண்டு எந்த வேகத்தில், எந்தத் திசையில் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. கல்லிலோ ஆணியிலோ மோதி அறுந்தது என்று உறுதியாகத் தெரிந்தாலும், செயின் வயதானது என்றால் நான் ஒட்டுப் போடச் சொல்ல மாட்டேன். தேய்ந்த பற்களுக்கு நடுவே புதுப் பல் ஒன்று உயரமாக நின்றால் அது இருக்கும் இடத்தில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இடி இடிக்கும், அதையும் அரம் போட்டு மற்றவற்றின் உயரத்துக்கு இறக்க வேண்டும், ரிவெட் இறுகிப்போய் லிங்க் மடங்காமல் நின்றால் மறுபடி அதே இடத்தில் அறும். புதிது வாங்குங்கள். அறுந்த பழையதைக் கடைக்குக் கையோடு எடுத்துப் போங்கள், தூக்கிப் போடும் முன் டிரைவ் லிங்க்கை மட்டும் எண்ணி, பிட்ச்சையும் கேஜையும் சேர்த்து, பார் கவரின் உள்பக்கத்தில் அழியாத பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.